கம்பி வெளியே

புக்கிட் லாலாங் தோட்டம்,
அலோர் காஜா, மலாக்கா.
12-1-1936

இதனால் சகலமானவர்களுக்கும், முக்கியமாகச் சுங்கை ரம்பாயில் தலைப்பிரசவத்துக்குப் போய்க் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் கோமளா அக்காவுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நேற்றுக் காலை ஆறரை மணிக்கு, மேளமும் இல்லாமல் மாலையும் இல்லாமல், தனபாலன் என்னும் நான் இஞ்சின் கொட்டகையில் நம்பர் நாலு பதவியிலிருந்து நம்பர் மூணு பதவிக்கு உயர்த்தப்பட்டேன். சம்பளம் உயரவில்லை. அதற்கு ஏணி எட்டவில்லையாம்.

இங்கே நான், மாமா, டீசல் இஞ்சின் மூவரும் சுகம். அங்கே நீ, அம்மா, வயிற்றில் இருக்கும் பெயரில்லாதவர் மூவரும் சுகமா?

நீ கொட்டகைக்குள் காலெடுத்து வைத்ததில்லை, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். என் மாமாவாகிய உன் வீட்டுக்காரர் பெங்களூர்ப் பட்டாளத்தில் இஞ்சினும் டைனமோவும் படித்து, பஸ்ரா சண்டையில் பம்பு ஓட்டியவர். அவர் கொட்டகையில் யாருக்கும் பெயர் கிடையாது. அவர் நம்பர் ஒண்ணு. கந்தசாமி அண்ணன் நம்பர் ரெண்டு. வீட்டில் உன்னையே "நம்பர் டூ" என்று கூப்பிடுகிறவர் எங்களையா பெயர் சொல்லிக் கூப்பிடப்போகிறார்?

காலையில் இஞ்சினைக் கிளப்புவது ஒரு பூசை. நம்பர் ரெண்டு நெருப்பு விளக்கை ஊதி இஞ்சின் தலையைச் சூடாக்குவார். நம்பர் மூணு, அதாவது ஐயா, ஆள் உயரச் சக்கரத்தின் துளையில் இரும்புக் கம்பியைச் செருகி, நெம்பி, வெள்ளைக் கோடு மேலே வரும்வரை திருப்ப வேண்டும். பிறகு கம்பியை உருவிக்கொண்டு "கம்பி வெளியே!" என்று கத்த வேண்டும். அதைக் காதால் கேட்ட பிறகுதான் நம்பர் ஒண்ணு, அழுத்திக் காற்றடைத்த இரும்புப் பீப்பாயான காற்றுக் குப்பியைத் திறப்பார். காற்று பாயும், சக்கரம் சுழலும், இஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

"கம்பி உள்ளே இருக்கும்போது திறந்துட்டா?" என்று கந்தசாமி அண்ணனைக் கேட்டேன். "கம்பி கூரையில இருக்கும், நீ கூடையில இருப்ப," என்றார்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. "பதினெட்டு வருஷம். கத்தறதுக்கு முன்னால ஒரு தடவை திறந்ததில்ல," என்றார். அது நிஜம். அடிக்கக் கை நீளும், கோபமும் நீளும், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மனிதர் சாமி.

பழைய நம்பர் மூணு மருதமுத்து அண்ணன் எங்கே என்று கேட்பாய். மாமா விட்ட ஒரே அறையில் இடது காது அடைத்துப்போய், வேறு தோட்டத்தில் பெயர் பதிந்துவிட்டார். பதவி காலியானது இப்படித்தான்.

சோறு வடிக்கப் பழகிவிட்டேன். கஞ்சியா சோறா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

உன் அருமைத் தம்பி,
நம்பர் மூணு தனபாலன்.

சுங்கை ரம்பாய்,
27-1-1936

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு.

இதை ஆபீஸில் கணக்கு எழுதும் விஜயரட்ணம் கிராணியார் பெயருக்குப் போட்டிருக்கிறேன். அவர் வீட்டம்மா யோகம் அக்காவிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறேன். இனி எல்லாக் கடிதமும் அங்கேதான் வரும். படித்ததும் அடுப்பில் போடு.

தோள் வலி குறைந்துவிட்டது. துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்தேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உன் கடிதங்களை அம்மா வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள், அதனால் நீயும் கல் என்றே எழுது.

மாமாவுக்குச் சோறு குழையக் கூடாது. காப்பிக்குச் சீனி ஒன்றரைக் கரண்டி. குழம்புச் சட்டியை அவர் வலது கைக்கு எட்டும்படி வைக்காதே. இடது பக்கம் வை. ஏன் என்று கேட்காதே.

அவரிடம் விளையாடாதே தனபாலு.

அக்கா கோமளா.

புக்கிட் லாலாங்,
16-2-1936

அக்கா, நீ சுகம் என்று எழுதியதைப் படித்துச் சுகமானேன். உடம்பு எப்படி என்று எழுது. அம்மாவுக்கு என் வணக்கம், அப்படியே இரண்டாம் பாராவைத் தாண்டிப் படிக்கும்படி உனக்கு என் விண்ணப்பம்.

இதுதான் இரண்டாம் பாரா. விளையாடாதே என்றாய். விளையாடிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை தேநீர் நேரம். ரப்பரைத் தகடாக அழுத்தும் சீட்டு மெஷினில் வேலை செய்யும் பெண்கள் எட்டுப் பேர், கந்தசாமி அண்ணன், சின்னத் துரையின் நாய், எல்லாரும் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் காற்றுக் குப்பிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, மாமாவின் குரலில், அதே கரகரப்போடு, "அட்டேன்ஷன்!" என்று ஒரு போடு போட்டேன். எட்டுப் பெண்களும் எழுந்தார்கள். கந்தசாமி அண்ணன் தேநீரோடு எழுந்தார். நாய்கூட எழுந்தது. அதுவரைக்கும் வெற்றிதான். ஆனால் அந்த நேரம் பார்த்து டைனமோ அறையிலிருந்து மாமா வெளியே வந்துகொண்டிருந்தார். அவரும் காலைச் சேர்த்து, கையை ஒட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றுவிட்டார்! அவருடைய குரலுக்கே அவர் நின்றார் அக்கா. கண் எங்கேயோ தூரத்தில் இருந்தது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். அப்புறம் ஒரு பெண் சிரித்தது, எட்டும் சிரித்தன.

மெஷின் வாரில் அறுத்து வைத்த துண்டு ஒன்று சுவரில் தொங்கும். அது மூன்றடி. எனக்குக் கிடைத்தது இருபத்திரண்டடி. கணக்கு உதைக்கிறதா? முன்னது நீளத்தில் அளந்த அடி, பின்னது முதுகில் அளந்த அடி. முதுகைக் கண்ணாடியில் பார்த்தேன், அலோர் காஜாவிலிருந்து தஞ்சோங் கிளிங் வரை எல்லா ரோடும் சிவப்பாகத் தெரிகிறது. பதினைந்து வரை எண்ணிவிட்டு நான் நிறுத்திவிட்டேன். அவர்தான் தொடர்ந்து எண்ணினார், உரக்க, இங்கிலீஷில்.

பிறகு அவரே தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து என் முதுகில் தடவினார். இஞ்சினுக்குப் போடுவதுபோல, ஒரு சொட்டு சிந்தாமல். "வலிக்குதாடா?" என்று கேட்டார். "இல்ல மாமா" என்றேன். "அப்ப சரி" என்றார்.

அம்மாவுக்குப் படிக்க வேண்டியது இங்கே தொடங்குகிறது: நான் நலம், மாமா நலம், மழை நலம்.

தம்பி தனபாலன்.

சுங்கை ரம்பாய்,
8-3-1936

அன்புத் தம்பி தனபாலனுக்கு. மார்ச் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பெண் பிறந்திருக்கிறாள். நானும் குழந்தையும் சுகம். குழந்தைக்கு உன் காது. பாவம்.

மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பெண் என்று படித்ததும் என்ன சொன்னார் என்று எழுது. சொன்னதை மட்டும் எழுது. செய்ததை எழுத வேண்டாம், எனக்குத் தெரியும்.

உன் இரண்டாம் பாராவை நான் மூன்று தடவை படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் முதுகில் இப்போது எப்படி இருக்கிறது?

ஒன்று சொல்ல வேண்டும். நான் "கல்லில் விழுந்த" நாட்களில் நீ குழாயடிக்குப் போய் உரக்கப் பாடிக்கொண்டிருப்பாய். உள்ளே எனக்குக் கேட்கும். நன்றாகத்தான் பாடுவாய்.

மூன்றாம் மாதம் முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும் என்கிறாள் அம்மா. "பட்டாளத்துக்காரன், மாசச் சம்பளக்காரன், இவனை விட்டா உனக்கு வேற ஆளு வருவானா?" என்கிறாள்.

அக்கா.

புக்கிட் லாலாங்,
29-3-1936

மருமகள் பிறந்த செய்தி கேட்டு மகிழ்ந்த மாமன் தனபாலன் எழுதுவது. தாயும் சேயும் சுகமாக இருக்க வேண்டும். என் காதைப் பற்றிக் கேலி வேண்டாம், அது பரம்பரைச் சொத்து, எனக்கு வேறு சொத்தில்லை.

குழாயடிப் பாட்டைப் பற்றி எழுதியிருந்தாய். இங்கே நல்ல வெயில்.

மாமா கடிதத்தைப் படித்ததும் சொன்னது: "பொண்ணா? சரி." அவ்வளவுதான். பாசாருக்குப் போய்ச் சீனி மிட்டாய் வாங்கிவந்து கொட்டகையில் எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தார். மறுநாள் தரையில் எண்ணெய் ஒரு துளி சிந்தியிருந்தது என்று கந்தசாமி அண்ணன் வாயில் குத்தினார். மிட்டாய் தின்ற பல்லில் ஒன்று போயிற்று. செய்ததை எழுதாதே என்றாய், எழுதிவிட்டேன். ஆனால் அது உனக்குச் செய்ததில்லையே.

அக்கா, ஒன்று கவனித்தேன். சாயங்காலம் டைனமோவைத் தொட்டுப் பார்க்கிறாரே, சூடு ஏறியிருக்கிறதா என்று, அப்போது உள்ளங்கையால் தொடமாட்டார். புறங்கையால் தொடுவார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. அந்தக் கைதானா இந்தக் கை என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

நேற்று என்னை உட்காரவைத்து, "உன் அக்காவுக்கு எழுது. மே மாசக் கடைசியில வந்து சேரணும்னு எழுது. நீ சொன்னா கேட்பா," என்றார். காகிதம், பேனா எல்லாம் தயார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பட்டாளத்துல ரிப்போர்ட் எழுதினவரு நீங்க. உங்க கையெழுத்து முன்னால என் கையெழுத்து கூலி கேட்கும். நீங்களே எழுதுங்க மாமா," என்றேன். அவர் அடிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். "யோசிச்சு எழுது. அவசரமில்ல," என்றார்.

பார்த்தாயா? எதிர்த்துப் பேசிவிட்டு முழுசாக வந்திருக்கிறேன். நீ அங்கேயே இரு. இவரை நான் பார்த்துக்கொள்கிறேன். தோட்டத்தில் ஆண்பிள்ளை ஒருவன் இருக்கிறான் என்பதை மறக்காதே.

அம்மாவுக்கு: நான் சுகம், கல் சுகம்.

தனபாலன்.

சுங்கை ரம்பாய்,
26-4-1936

தம்பிக்கு. நாலு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ பேசாமல் ஒரு நாள் இருந்தவன் இல்லை. உடம்புக்கு என்ன? யோகம் அக்காவிடம் கொடுத்தாவது ஒரு வரி எழுதி அனுப்பு. குழந்தை சிரிக்கக் கற்றுக்கொண்டாள்.

அக்கா.

புக்கிட் லாலாங்,
10-5-1936

அக்கா, குழந்தை, அம்மா மூவருக்கும் சுகம் கோரும் தம்பி.

கையெழுத்தைப் பார்த்து, கோழி மையில் விழுந்து ஓடியிருக்கிறது என்று நினைக்காதே. இடது கையால் எழுதப் பழகுகிறேன். இரண்டு கையாலும் எழுதினால் இரண்டு கிராணி சம்பளம் கிடைக்குமாம். பழகுவதில்தான் இத்தனை நாள் போயிற்று.

இந்தக் கடிதத்தில் எந்தப் பாராவையும் தாண்ட வேண்டாம். அம்மாவுக்கு முழுவதையும் படி. தெருவில் போகிறவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் படி.

நான் உன் வீட்டுக்காரரை அடித்துவிட்டேன்!

நடந்தது இது. கொட்டகையில் அவர் கந்தசாமி அண்ணனை மறுபடி அடிக்கக் கை ஓங்கினார். நான் குறுக்கே போய் அந்தக் கையைப் பிடித்தேன். "விடுடா" என்றார். "விடறதுக்கா மாமா பிடிச்சேன்?" என்றேன். உதைத்தார். நான் ஒன்றரை முழ ஸ்பானரைத் தூக்கி ஒரே வீச்சு. முழங்காலில் பட்டது. பட்டாளமே சரிந்ததுபோலச் சரிந்தார். இன்னொன்று தோளில், உன் தோளில் எந்த இடமோ அதே இடத்தில். டைனமோவில் முதுகு சாய்ந்து, வாயில் ரத்தத்தோடு, "போதும்டா மச்சான், போதும்டா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க அக்கா மேல இனிமே கை வைப்பீங்களா?" என்று கேட்டேன். "வைக்க மாட்டேன், மாரியம்மன் மேல ஆணை" என்றார். சீட்டு மெஷின் பெண்கள் எட்டுப் பேரும் சாட்சி. எட்டும் கை தட்டின.

அன்றிலிருந்து மனிதர் ஆளே மாறிவிட்டார். எனக்கு முன் உரக்கப் பேசுவதில்லை. காப்பிகூட அவர்தான் போடுகிறார், எனக்குச் சீனி இரண்டு கரண்டி. கழற்றித் துடைத்து மாட்டிய இஞ்சின்போல ஓடுகிறார், புகையே இல்லை.

அதனால் நீ வரலாம் அக்கா. நான் இருக்கிறேன். வா.

தம்பி தனபாலன்.

புக்கிட் லாலாங் எஸ்டேட்,
இஞ்சின் பிரிவு,
17-5-1936

கோமளா அறியவும்.

1. நான் நலம். நீயும் குழந்தையும் நலம் என்று நம்புகிறேன்.

2. இஞ்சின் நல்ல நிலையில் ஓடுகிறது. டைனமோவுக்குப் புது பிரஷ் போட்டாயிற்று. துரை பங்களாவில் விளக்கு அணைந்ததாக இந்த மாதம் புகார் இல்லை.

3. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. தொட்டிலுக்கு உத்தரத்தில் கொக்கி மாட்டியிருக்கிறேன். இரண்டு அந்தர் பாரம் தொங்கவிட்டுச் சோதித்தேன். பிடிக்கிறது.

4. ஜூன் 5-ம் தேதி வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்படவும். மலாக்காவில் நான் வந்து நிற்பேன். தாமதம் கூடாது.

5. உன் தம்பி தனபாலன் ஏப்ரல் 15-ம் தேதி காலை, நம்பர் மூணு வேலையில் இருந்தபோது, கம்பியை எடுக்காமலே "கம்பி வெளியே" என்று குரல் கொடுத்தான். காற்றுத் திறக்கப்பட்டதில் வலது முன்கை முறிந்தது. நானே கட்டுப் போட்டேன். தவறு அவனுடையது. கவலைப்பட ஒன்றுமில்லை.

ம. வீரப்பன்,
இஞ்சின் டிரைவர்.

சுங்கை ரம்பாய்,
25-5-1936

தனபாலு, கை எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது.

உன் கடிதத்தையும் மாமா கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் மாதமே வலது கை முறிந்தது என்கிறார் அவர். நீயோ ஸ்பானரைத் தூக்கி வீசினேன் என்கிறாய். நீ அவரை அடித்துக் கை முறிந்ததா, கை முறிந்த பிறகு அடித்தாயா? அம்மாவிடம் கேட்டேன். "ஆம்பளைங்க அடிச்சிக்கிட்டா கை முறியத்தான்டி செய்யும். அடி வாங்கினேன்னு எந்த ஆம்பளை எழுதுவான்? அதான் வேலையில பட்டதுன்னு எழுதறாரு," என்கிறாள். அதுவும் பொருந்தத்தான் செய்கிறது.

உன் கடிதத்தை அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் "எம்மவன்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். கல்லில் விழவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது உன் கடிதத்தால்தான். தெரிந்த அன்றைக்கே, இனி பயமில்லை, புறப்படு என்கிறாள். மூட்டை கட்டியாயிற்று.

எனக்கு ஆணையிலும் கும்பிடுவதிலும் நம்பிக்கை இல்லை. என்னிடமும் அவர் கும்பிட்டிருக்கிறார், நாலு தடவை. நான் வருவதாக இருந்தால் உன்னை நம்பித்தான் வருகிறேன். போன கார்த்திகை மாதம் வயிற்றில் இவள் இருக்கும்போதே உதைத்தார். இப்போது இவள் என் மடியில் இருக்கிறாள், உதைத்தால் இவள் மேல்தான் முதலில் படும். நடுவில் நீ நிற்பாய் என்றால் வருகிறேன். நிற்க முடியாது என்றால் ஒரு வரி எழுது, அம்மா என்னை வெட்டிப் போட்டாலும் வரமாட்டேன்.

ஜூன் 4-ம் தேதி வியாழக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் நீ எழுதியதெல்லாம் நிஜம் என்று எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பஸ் ஏறுவேன்.

அக்கா.

மலாக்கா, பெரிய ஆஸ்பத்திரி,
3-6-1936

அக்கா, சுகம் விசாரிக்க நேரமில்லை. வராதே. வெள்ளிக்கிழமை பஸ் ஏறாதே. முதலில் இதைப் படித்துவிட்டு, மூட்டையை அவிழ்த்துவிட்டு, பிறகு மற்றதைப் படி.

தபாலை நம்பவில்லை. இதைக் கொண்டுவருபவர் கந்தசாமி அண்ணன். அவருக்குச் சோறு போடு. முன்பல் இல்லை, குழைவாகப் போடு. இதில் எழுதியது நிஜமா என்று அம்மா கேட்டால் அவர் சொல்வார். அன்றைக்கு அவர் மட்டும்தான் அங்கே இருந்தார்.

முந்தாநாள் சாயங்காலம் கிராணியார் வீட்டில் உன் கடிதத்தைப் படித்தேன். காகிதத்தைப் பிடிக்க முடியவில்லை, கீழே விழுந்தது. அவர் என் கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, உம்மட கை அழுகி மணக்குது. உமக்கு என்ன நடந்ததெண்டு நான் கேக்கேல்ல. விடிஞ்சதும் லொறியில ஏறும், மிச்சத்தைப் பெரிய துரையோட நான் கதைக்கிறன்," என்றார். நேற்று இங்கே கட்டை அவிழ்த்தார்கள். எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறதாம், மறுபடி உடைத்துத்தான் சேர்க்க வேண்டுமாம். நாளைக்கு. கை இருக்கும் என்கிறார்கள்.

ஏப்ரல் 15. காலை ஆறரை. கம்பியைச் செருகி நெம்பிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கோடு இன்னும் மேலே வரவில்லை. என் கை கம்பியில் இருந்தது. நான் கத்தவில்லை அக்கா. வாயே திறக்கவில்லை. ஏதோ தோன்றி நிமிர்ந்து பார்த்தேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அட்டேன்ஷனில் நின்றாரே, அன்றைக்கு இருந்த அதே கண். என் கை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் திறந்தார்.

கம்பி என் கையை அடித்துவிட்டுக் கந்தசாமி அண்ணன் தலைக்கு மேல் போய்த் தகரத்தைக் கிழித்தது. எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது, காய்ந்த ரப்பர்க் கிளை ஒடிகிற மாதிரி. மாமா காற்றை மூடினார். சக்கரம் நிற்கும்வரை காத்திருந்தார். நின்றதும் போய், சக்கரத்தில் சேதமிருக்கிறதா என்று துளையைப் புறங்கையால் தடவிப் பார்த்தார். அதன் பிறகுதான் என்னிடம் வந்தார். பூட்ஸ் காலை என் ஒடிந்த கையின் மேல் வைத்தார். அழுத்தவில்லை. வைத்தார், அவ்வளவுதான்.

பிறகு மூங்கில் பட்டை வைத்து அவரே கட்டுப் போட்டார். "நீ கத்தின. எனக்குக் கேட்டுச்சு," என்றார். கந்தசாமி அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "உனக்கும் கேட்டுச்சு," என்றார். கந்தசாமி அண்ணன் தலையை ஆட்டினார். ஆட்டியதற்கு வெட்கப்பட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அவருக்கு வேலை போய்விடும். தெரிந்தேதான் வருகிறார்.

ஆகையால் அக்கா, ஸ்பானர் இல்லை. எட்டுப் பெண்கள் கை தட்டவில்லை. நான் இதுவரை யாரையும் அடித்ததில்லை, சின்னத் துரையின் நாயைக்கூட. காப்பி நான்தான் போடுகிறேன், இடது கையால். "அவ வர மாதிரி எழுது" என்று மட்டும்தான் மாமா சொன்னார். என்ன எழுதினால் நீ வருவாய் என்று கண்டுபிடித்தது நான். நான் காவல் இருக்கிறேன் என்றால் வருவாய் என்று எனக்குத் தெரியும். சொல்லவே கூசுகிறது, எழுதும்போது அது நிஜமாகவே நடந்தது மாதிரி இருந்தது. ஸ்பானர் வீசுகிற இடத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். மாமாவும் படித்தார். "போதும்டா மச்சான்" என்ற இடத்தில் சிரித்து, தபால்தலையை அவரே நாக்கில் நனைத்து ஒட்டினார்.

அதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கந்தசாமி அண்ணன் அங்கே இருந்தார், நீ கேட்டால் அவர் சொல்லிவிடுவார். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அவர் கால் என் கை மேல் இருந்ததே, அப்போது நான் கத்தினேன். அம்மா என்று இல்லை. "அக்காவ வரவழைச்சுத் தந்துடறேன் மாமா, குழந்தையோட வரவழைச்சுத் தந்துடறேன், என்ன விட்டுடுங்க" என்று கத்தினேன். மூன்று தடவை.

அவர் அப்போது என்னிடம் எதுவும் கேட்கவில்லை அக்கா. நானாகத்தான் சொன்னேன்.

தனபாலன்.